சாம்பல் நிறப் பாண்டி

பாண்டிச்சேரி என்றால் இப்போது எல்லோர் கண்ணுக்கும் மஞ்சள்தான். மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, சுவர்மேல் வழியும் காகிதப்பூ, அதன் கீழே போட்டோ எடுத்துக்கொள்ளும் கல்யாண ஜோடி. பாரீசில் என்னோடு வேலை பார்க்கிறவர்கள்கூட லீவுக்குப் போய்த் திரும்பி வந்து அந்தப் படங்களைத்தான் காட்டுகிறார்கள். "உங்கள் ஊர் எவ்வளவு அழகு!" என்கிறார்கள். நானும் தலையாட்டி வைக்கிறேன். நான் ஏங்குகிற பாண்டியின் நிறம் வேறு. அது பூச்சுப் பூசாத கான்கிரீட்டின் சாம்பல். மழைக்காலத்தில் ஈரம் ஏறிக் கருத்து, தை பிறந்ததும் மெல்ல வெளுக்கும் சாம்பல்.

அது இருப்பதும் அந்த மஞ்சள் தெருக்களுக்கு நடுவிலேதான். அரவிந்தர் ஆசிரமத்துக்குச் சொந்தமான கோல்கொந்த் என்ற விடுதி. வெளியே நின்றால் ஒரு மதில், மரங்களின் தலைகள், அவற்றுக்கு மேலே படுக்கை வாட்டில் அடுக்கிய பட்டைகள் தெரியும். ஊர்க்காரர்களில் பாதிப் பேர் தினமும் சைக்கிளில் கடந்து போவார்களே தவிர நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே போக அனுமதி வேண்டும். போனாலும் சத்தம் போட்டுப் பேச முடியாது. கேமராக்காரர்களுக்கு அதனால் பயனில்லை. அது அப்படியே தப்பித்து நிற்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

இந்தியாவில் நவீனக் கட்டடக்கலை என்றதும் எல்லோரும் சண்டிகரைச் சொல்வார்கள். லெ கொர்பூசியே அங்கே வந்து இறங்கியது 1951ல். அதற்குப் பதினான்கு வருடம் முன்பு, 1937ல், பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த ஒரு சின்னக் கடற்கரைப் பட்டணத்தில், வலுவூட்டிய கான்கிரீட்டில் மூன்று அடுக்கு விடுதிக்குக் கடைக்கால் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். பாரதியார் ஊரைவிட்டுப் போய் இருபது வருடம்கூட ஆகவில்லை. தமிழர் தெருக்களில் இன்னும் தாழ்வாரமும் திண்ணையும் வைத்தே வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். கான்கிரீட் என்றால் என்னவென்று தெரிந்த கொத்தனார் ஊரில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

பிரெஞ்சு ஊர் என்பதால் இந்த நவீனம் பாரீசிலிருந்து கப்பலேறி வந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது வந்த வழி டோக்கியோ. அந்தோனின் ரேமண்ட் பொஹீமியாவில், இன்றைய செக் நாட்டில், கிளாட்னோ என்ற ஊரில் 1888ல் பிறந்தவர். அமெரிக்கா போனார். பிராங்க் லாயிட் ரைட்டின் இம்பீரியல் ஓட்டல் வேலைக்காக அவரோடு டோக்கியோ போய் அங்கேயே தங்கிவிட்டார். 1924ல் தனக்கென்று பூசாத கான்கிரீட்டில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். கான்கிரீட்டை ஒளித்துவைக்க வேண்டிய பொருளாகவே உலகம் நினைத்திருந்த நேரம் அது. ஆசிரமத்தில் பவித்ரா என்று அழைக்கப்பட்ட பிலிப் பார்பியே சேந்த்திலேர் ஒரு பிரெஞ்சு எஞ்சினியர். பாண்டிக்கு வருமுன் ஜப்பானில் இருந்தவர். அவருக்கு ரேமண்டைத் தெரியும். ஆசிரமத்தை நடத்திவந்த அன்னையும் 1916 முதல் 1920 வரை ஜப்பானில் வாழ்ந்தவர்தான். சீடர்கள் தங்க ஒரு விடுதி வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது கடிதம் டோக்கியோவுக்குப் போனது இயல்பு. பணம் ஹைதராபாத்திலிருந்து வந்தது: அங்கே திவானாக இருந்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியில் நிஜாம் அரசு கொடுத்த ஒரு லட்சம் ரூபாய். அந்த நன்றிக்காகவே கோல்கொண்டா கோட்டையின் பெயர், பிரெஞ்சு உச்சரிப்பில்.

ஒரு செக்காரர், ஜப்பான் அலுவலகம், நிஜாம் பணம், வங்காளிக் குரு, பாரீசில் பிறந்த அன்னை, பாண்டிச் சித்தாள். இத்தனை கை பட்ட பிறகும் அந்தக் கட்டடத்தில் கதம்பத்தனம் கொஞ்சமும் இல்லை என்பதுதான் எனக்கு இன்றும் தீராத வியப்பு.

எனக்கு அது அப்பா வழியாகத் தெரிந்த இடம். அப்பா சுண்ணாம்புப் பூச்சுக் கொத்தனார். சிமெண்ட் பூச்சு வந்து அந்தத் தொழிலைத் தின்றுகொண்டிருந்த எழுபதுகளில், பழைய சுவர்களைச் சரிபார்க்கக் கூப்பிடும் சில இடங்களே அவருக்கு மிச்சம். கோல்கொந்தின் உள்சுவர்களில் இருப்பது கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு. வெளியே இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட், உள்ளே கடல் சிப்பியைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. இந்த ஜோடியைக் கேள்விப்படும் எந்த எஞ்சினியரும் புருவத்தை உயர்த்துவார். கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு, நீற்றி, மெல்லிய துணியில் சலித்து, நாள்கணக்கில் ஊறவைத்து, வெண்ணெய்ப் பதத்துக்கு அரைத்து, மேல்பூச்சாக ஏற்றி, ஈரம் போவதற்குள் கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கை ஓய்ந்தால் சுவர் மங்கிவிடும். "தலை சீவறதுக்குக் கண்ணாடி தேட வேணாம்டா, செவுரப் பாத்தே சீவிக்கலாம்" என்பார் அப்பா. அவர் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

பள்ளி விடுமுறையில் சாமான் தூக்க என்னைக் கூட்டிப்போவார். அந்த வாசலுக்குள் நுழைந்ததும் அப்பாவின் குரல் தானாகவே இறங்கிவிடும். ஊரிலேயே பெரிய தொண்டை அவருக்கு. வேறு எந்த வேலையிடத்திலும் சித்தாளைக் கூப்பிட்டால் மூன்றாவது தெருவில் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே மட்டும் கையால் ஜாடை காட்டுவார். யாரும் அவரைக் கண்டித்ததாக எனக்கு நினைவில்லை. கால் வைத்ததும் கடப்பாக் கல் தரை ஜில்லென்று இருக்கும். வெளியே கத்திரி வெயிலில் தார் ரோடு இளகிக்கொண்டிருக்கும். மின்விசிறி ஓடாது. ஆனாலும் சட்டை மெல்ல அசையும். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடித் தேடிப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் என்று ஒன்று இருந்தால்தானே கண்டுபிடிக்க.

உண்மையிலேயே அங்கே கண்ணாடி ஜன்னல் இல்லை. கட்டடம் நீளமாக, ஒல்லியாக, கிழக்கு மேற்காகப் படுத்திருக்கிறது. அகலமான முகங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. அந்த இரண்டு முகமும் முழுக்க முழுக்கத் திருப்பக்கூடிய பட்டைகள்தான். சுவர் இருக்க வேண்டிய இடத்தில் தரையிலிருந்து விட்டம் வரை லூவர். பித்தளைக் கைப்பிடியைத் திருப்பினால் ஒரு வரிசைப் பட்டைகள் சேர்ந்து சாயும். மழை அடித்தால் மூடலாம், வெயில் கூசினால் பாதி சாய்க்கலாம், காற்று வேண்டுமென்றால் படுக்கப்போடலாம். அறைக்கும் நடைக்கும் இடையே தேக்கில் செய்த தள்ளு கதவு. அதன் சட்டங்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றிப் பதித்திருப்பார்கள். காற்று வளைந்து நுழைந்துவிடும், பார்வை நுழையாது. ஜப்பானில் வருடக்கணக்காகத் தள்ளு கதவுகளோடு வாழ்ந்தவருக்குத்தான் அது தோன்றும். அதைத் தேக்கில் இத்தனை நுணுக்கமாக இழைத்தவர் நம் ஊர்த் தச்சராகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கடலோரக் குப்பங்களில் சின்னப் பையனுக்குக்கூடத் திசைக்கொரு காற்றின் பெயர் தெரியும். வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. கோல்கொந்த் வாடைக்கும் தென்றலுக்கும் கதவைத் திறந்துவிட்டு, கோடைக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. அதற்கு இன்னொரு நுட்பமும் உண்டு. பாண்டி பன்னிரண்டாம் அட்சரேகைக்குச் சற்றுக் கீழே கிடக்கிறது. ஏப்ரல் 21ஐயும் ஆகஸ்ட் 21ஐயும் ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்துவிடும். வடக்குப் பக்கம் நிழல்தானே என்று ஐரோப்பியக் கணக்கில் பெரிய ஜன்னல் வைத்தவர்கள் இந்த ஊரில் மே, ஜூனில் வெந்திருக்கிறார்கள். இரண்டு முகத்துக்கும் ஒரே மாதிரிப் பட்டை போட்டதில் அந்தக் கணக்கும் சரிப்பட்டுவிடுகிறது. மேலே கூரையும் இரட்டை. தட்டையான கான்கிரீட் தளம், அதன்மேல் இடைவெளி விட்டு வளைவான கான்கிரீட் ஓடுகள். வெயில் ஓட்டில் விழும், சூடு இடைவெளியில் வழியும் காற்றோடு போய்விடும், தளம் தப்பித்துக்கொள்ளும்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தப் பட்டைகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டில் வார்த்தவை. அன்றைக்கு அது அதிசயப் பொருள்: மெல்லியது, மழைக்கு அசையாது, தீப்பிடிக்காது. நான் இன்று வேலை பார்க்கும் நாட்டில் 1997 முதல் அதற்குத் தடை. எங்கள் அலுவலகத்தில் பழைய கட்டட வரைபடத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தாலே ஆய்வுக்கு ஆள் கூப்பிட வேண்டும். ஏங்குகிறவனுக்கும் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

நான் வரைபடம் போடுகிறவன். பாரீசில் பதின்மூன்றாம் வட்டாரத்தில், எங்கள் அலுவலகத்துக்கு நடந்துபோகும் தூரத்தில், லெ கொர்பூசியே கட்டிய சால்வேஷன் ஆர்மி விடுதி இருக்கிறது. வீடற்றவர்கள் தங்குவதற்கு, 1933ல் திறந்தது. அதன் தெற்கு முகம் முழுக்கத் திறக்கவே முடியாத கண்ணாடி. உள்ளே எந்திரத்தால் காற்று செலுத்தி, எல்லாக் காலத்திலும் ஒரே அளவான தட்பவெப்பம் வைத்திருக்கலாம் என்பது திட்டம். பணம் போதவில்லை, இரட்டைக் கண்ணாடியும் குளிரூட்டலும் கைவிடப்பட்டன, கண்ணாடி மட்டும் நின்றது. முதல் கோடையிலேயே உள்ளே இருந்தவர்களுக்கு மூச்சு முட்டியது. திறக்கும் ஜன்னல் வைக்கச் சொல்லி அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். போருக்குப் பிறகு வெயில் தடுக்கும் கான்கிரீட் பட்டைகளைக் கண்ணாடிக்கு முன்னால் கட்டினார்கள்.

இரண்டுமே விடுதி, இரண்டுமே கான்கிரீட், இடைவெளி நாலைந்து வருடம். உலகமே கொண்டாடும் மேதை பாரீசில் வெயிலிடம் தோற்றுக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊரில் அந்தப் பாடம் கல்லெழுத்தாக ஏறிக்கொண்டிருந்தது. இதில் வேடிக்கை, கோல்கொந்த் கட்ட வந்த மூவரில் ஒருவரான பிரான்டிசெக் சம்மர், அதே லெ கொர்பூசியேயின் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு, மாஸ்கோ போய், அங்கிருந்து டோக்கியோ போய், பாண்டிக்கு வந்தவர். பாரீசில் 42.6 டிகிரி அடித்த 2019 ஜூலை 25ஆம் தேதி, எங்கள் அலுவலகத்தின் திறக்காத கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சட்டை நனைந்துகொண்டிருந்தேன். அன்று எனக்குக் கோல்கொந்தின் நடையில் ஐந்து நிமிடம் நிற்கக் கிடைத்திருந்தால் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்திருப்பேன். 2003 ஆகஸ்டில் பிரான்சில் வெயிலுக்குச் சுமார் பதினையாயிரம் பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், அவர்களில் பலர் தகரக் கூரைக்கு நேர் கீழே இருந்த மேல்மாடி அறைக்காரர்கள். இரட்டைக் கூரை என்ற ஏற்பாட்டை அப்போது நினைத்துக்கொண்டேன். அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அவ்ளோ பெரிய ஊர்ல கூரைக்கு மேல கூரை போடத் தெரியலியா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மூவரில் மூன்றாமவர் ஜார்ஜ் நாகஷிமா. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். வேலைத்தளப் பொறுப்பு அவருடையது. ரேமண்ட் 1938ல் மனைவி மகனோடு வந்து சில மாதங்கள் தங்கிவிட்டுப் போய்விட்டார். பட்டறையில் நாள் முழுக்க நின்றவர்கள் இந்த இளைஞர்கள்தான். நாகஷிமா கொஞ்ச காலத்தில் சம்பளம் வேண்டாம் என்று சொல்லி ஆசிரமவாசியாகவே ஆகிவிட்டார். சுந்தரானந்தா என்று பெயரும் கிடைத்தது. விடுதியின் கட்டில், மேசை, நாற்காலியைத் தேக்கில் வடிவமைத்தவரும் அவர்தான். பின்னாளில் அமெரிக்காவில் மரவேலைக்காகவே உலகப் புகழ் பெற்றவரின் கை முதலில் பழகியது பாண்டித் தச்சுப் பட்டறையில்.

அந்த வேலைக்கு ஒப்பந்தக்காரர் கிடையாது. முடிக்க வேண்டிய தேதி கிடையாது. இவ்வளவுக்குள் முடி என்ற கெடுபிடியும் இல்லை. ஆசிரமவாசிகள், அவர்களில் பலர் வாழ்க்கையில் கரணையைத் தொடாதவர்கள், உள்ளூர்க் கூலியாட்களோடு சேர்ந்து நின்று வேலை கற்றார்கள். கதவுக் கொண்டி, கீல், லூவர்க் கைப்பிடி எல்லாம் ஆசிரமப் பட்டறையிலேயே வார்த்தவை. சீடர்கள் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். யாரோ ஒரு பாட்டியின் சொம்பு இன்று ஏதோ ஒரு அறையின் தாழ்ப்பாளாக இருக்கிறது. பட்டறைக்குப் பெயர் அர்ப்பகோன், மோலியேரின் நாடகத்தில் வரும் கஞ்சன் பெயர். நான் லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் அந்த நாடகத்தைப் படித்தபோது வகுப்பில் எனக்கு மட்டும் தனியாகச் சிரிப்பு வந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு அது ஒரு இரும்புப் பட்டறையின் பெயர், அவ்வளவுதான்.

வேகமாகக் கட்டுவதே நவீனம் என்று பின்னால் எல்லோரும் பாடம் படித்தோம். இங்கே ஒரு விடுதிக்கு எட்டு வருடம் பிடித்தது. கம்பியும் சிமெண்டும் போரில் சிக்கி வரத் தாமதமாயின என்பது உண்மை. ஆனால் அந்த வேலையே அவசரத்தை ஏற்காத வேலை. சென்ட்ரிங் பலகையின் ரேகை அப்படியே கான்கிரீட்டில் பதியும். பூச்சு இல்லாததால் பிழையை மூட வழியில்லை. கொத்தனார்கள் வழக்கமாகச் சொல்வது, "பூச்சுல சரிபண்ணிக்கலாம்". கோல்கொந்தில் அந்த வாக்கியத்துக்கு இடமே இல்லை. அப்பா அந்தச் சுவர்களைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "இத ஊத்தினவன் ராத்திரி தூங்கியிருக்க மாட்டான்" என்பார்.

பிறகு யுத்தம் மூவரையும் மூன்று திசைக்குத் தூக்கி எறிந்தது. நாகஷிமா 1939ல் கிளம்பினார். 1942ல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது மனைவி, கைக்குழந்தையோடு ஐடஹோவின் மினிடோகா முகாமில் இருந்தார். மறுவருடம் ரேமண்ட்தான் பொறுப்பேற்று அவரை வெளியே எடுத்தார். அதே ரேமண்ட், அதே 1943ல், யூட்டா பாலைவனத்தில் ஜப்பானியத் தொழிலாளர் வீடுகளின் மாதிரிகளை அமெரிக்க ராணுவத்துக்கு வரைந்து கொடுத்தார். தீக்குண்டு எப்படிப் பற்றும் என்று சோதித்துப் பார்ப்பதற்காக, தரைப்பாய் உட்பட எல்லாம் அசலாக. பாண்டியில் பட்டையைத் திருப்பிக் காற்றை வரவழைத்த அதே கை. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சம்மர் பிரிட்டிஷ் படையில் சேரப் போனார். போர் முடிந்ததும் சொந்த ஊரான பில்சனுக்குத் திரும்பினார். மிச்ச வேலையை ஆசிரமத்தினரே முடித்தார்கள். 1940களின் நடுவில் கட்டடம் முழுமையானபோது அதை வரைந்த எவரும் ஊரில் இல்லை.

அதன் பிறகு பாண்டியில் அந்த விதை ஏன் பரவவில்லை? யோசித்துப் பார்த்தால், அதைப் பரப்ப ஆளே மிச்சமில்லை. ஐம்பதுகளில், அறுபதுகளில் ஊரில் எழுந்த கான்கிரீட் வீடுகள் கோல்கொந்தைப் பார்த்துக் கற்றவை அல்ல. தட்டையான மொட்டைமாடி, ஜன்னலுக்கு மேலே ஒரு சன்ஷேடு, அதோடு நவீனம் முடிந்தது. நான் பிறந்து வளர்ந்த முத்தியால்பேட்டை வீடும் அப்படித்தான். ஏப்ரல், மே இரவுகளில் மாடித் தளம் பகல் வெயிலைத் திருப்பிக் கக்கும். குடும்பத்தோடு தண்ணீர் தெளித்துவிட்டு மொட்டைமாடியில் படுப்போம். கோல்கொந்தில் பூச்சு வேலை செய்துவிட்டு வரும் மனிதர் ராத்திரியில் விசிறி மட்டையோடு புரண்டார் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

இரண்டாவது அலை வடக்கே, செம்மண் மேட்டில் எழுந்தது. 1968 பிப்ரவரி 28ல் ஆரோவில் தொடக்கவிழா. பிரதான கட்டடக் கலைஞர் ரோஜே ஆன்ழே, பிரான்சின் கிரெனோபிளில் இருபத்தெட்டு மாடிக் கோபுரங்கள் மூன்றைக் கட்டி முடித்த கையோடு, மரமே இல்லாத இந்த மேட்டுக்கு வந்தவர். கோட்டக்குப்பம் வழியாகச் சைக்கிள் மிதித்து நாங்கள் பையன்கள் வேடிக்கை பார்க்கப் போவோம். மழை அரித்த ஓடைகள், கீற்றுக் கொட்டகைகள், நடுவில் திடீரென்று வளைந்தும் சாய்ந்தும் நிற்கும் பள்ளிக்கூடம். "லாஸ்ட் ஸ்கூல்" என்று பெயர். கடைசிப் பள்ளிக்கூடம் என்றால் அதற்குப் பிறகு படிக்க வேண்டாம் போல என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். குயிலாப்பாளையத்துக்காரர்களும் எடையஞ்சாவடிக்காரர்களும் சித்தாளாகப் போய்க் கம்பி கட்டவும் வளைவுக்குச் சென்ட்ரிங் அடிக்கவும் கற்றுக்கொண்டது அங்கேதான். 1973ல் அன்னை மறைந்தார். நிர்வாகச் சண்டை, பணத் தட்டுப்பாடு, பாதியில் நின்ற சுவர்கள். எனக்கு அந்தக் கட்டடங்கள் மீது பிரியம் உண்டு, ஆனால் கோல்கொந்த் மீது இருக்கும் மரியாதை இல்லை. அவை கண்ணை நினைத்துக் கட்டியவை. பிறகு வந்தவர்கள், மண்கட்டியிலும் பெரோசிமெண்டிலும் கட்டியவர்கள், மறுபடி தோலையும் வியர்வையையும் நினைக்கத் தொடங்கினார்கள். அது தனிக்கதை.

கோல்கொந்த் இன்றும் விடுதியாகவே இருக்கிறது. அதுதான் பெரிய பாக்கியம். மியூசியமாகவோ காபிக் கடையாகவோ ஆகிவிடவில்லை. துடைக்கிறார்கள், எண்ணெய் விடுகிறார்கள், பட்டைகளைத் திருப்புகிறார்கள். ஆரம்பத்திலிருந்து வெகுகாலம் அதை நிர்வகித்த மோனா பிண்டோ ஒரு தூசியைக்கூட விடமாட்டார் என்று ஆசிரமத்துப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வெறும் கான்கிரீட்டைப் பராமரிப்பது பூசிய சுவரைப் பராமரிப்பதைவிடக் கடினம். வெள்ளையடித்துத் தப்பிக்க முடியாது.

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது ஒரு கட்டடம் கட்டும் நண்பரோடு கடற்கரைச் சாலையில் நடந்தேன். பாரம்பரியம், பாரம்பரியம் என்று பேசிக்கொண்டே வந்தார். அவர் சொன்ன பாரம்பரியம் முழுக்கத் தூண், வளைவு, மஞ்சள். புதிதாகக் கட்டும் ஓட்டலுக்கும் அதே முகம் ஒட்டி, உள்ளே நாற்பது ஏசி வைக்கிறார்கள். கோல்கொந்தைப் பற்றிக் கேட்டேன். "அது பழசு இல்லியே" என்றார். எண்பது வருடம் போதவில்லை. அடுத்த தெருவில் அதே மஞ்சளை மூன்றாவது கோட்டாக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா போய்விட்டார். கூழாங்கல்லும் கரணையும் தம்பி வீட்டுப் பரணில் கிடக்கின்றன. தம்பி லாஸ்பேட்டையில் புது வீடு கட்டுகிறான். வரைபடத்தை எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பினான். முதல் பார்வையிலேயே மேற்குச் சுவரில் ஆறடிக்கு ஆறடி கண்ணாடி. உடனே கூப்பிட்டுவிட்டேன்.

"மேக்கால கண்ணாடி வச்சா சாயங்காலம் உள்ள அடுப்புடா."

"ஏசி இருக்குல்ல அண்ணே."

"காத்துக்கு வழி விடு. வடக்கால தெக்கால திற."

"வடக்கால பக்கத்து வீட்டுக்காரன் செவுரு ஒட்டி ஏத்திட்டான். தெக்கால மெயின் ரோடு. காத்தோட ஆரன் சத்தமும் தூசியும் கொசுவும் சேந்து வரும். ஆசிரமத்துக்குத் தோட்டம் இருக்கு, மதில் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? முப்பதுக்கு நாப்பது மனை."

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கோல்கொந்தின் காற்று அதன் இரண்டு பக்கத் தோட்டத்தின் காற்று. வெளியே இருந்த ஊரும் அன்று சத்தமில்லாத ஊர். அந்த ஊரை எந்த வரைபடத்திலும் நான் அவனுக்குப் போட்டுத் தர முடியாது. ஆனாலும் விடவில்லை. மொட்டைமாடிக்கு மேலே இடைவெளி விட்டு இன்னொரு கூரை போடச் சொன்னேன். செலவு எவ்வளவு என்றான். மேற்குக் கண்ணாடியை எடுத்துவிட்டு அந்தப் பணத்தில் போடு என்றேன். அண்ணிக்குக் கண்ணாடி பிடித்திருக்கிறது என்று என் மனைவியையே சாட்சிக்கு இழுத்தான். அவளும் அந்தப் பக்கம்தான். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியதில் ஆறடி நாலடி ஆனது. வெளியே சாய்த்துத் திருப்பும் பட்டை வைக்கவும் அரைமனதாகச் சம்மதித்தான். தேக்கில் செய்ய ஆள் இல்லையாம். அலுமினியக் கடையில் சதுர அடி என்ன விலை என்று விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான்.